தக்கணத்துக் கருங்கல்லும் நம் வகுப்பறையும்

சிறப்புமலருக்குக் கட்டுரை வேண்டி மலர்க்குழுவினர் எம்மை அணுகியபோது, தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையொன்றாகவே இருத்தல் கூடும். யாம் எழுதப் புகுந்ததோ கல்லைப் பற்றி. இதற்குக் காரணம் எம் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் கடனொன்றாகும். அதனை முதலிற் கூறி மேலே செல்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், புவியியல் ஆசிரியர் விடுமுறையிலிருந்த ஒருநாள், அவர்தம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எமக்கு வந்தது. மாணவர் ஒருவரின் கொப்பியை வாங்கி, அதிலிருந்த குறிப்பை உரக்க வாசித்தோம். தக்கணப் பீடபூமி எரிமலைக் குழம்பினால் ஆனது. அங்குள்ள மண் கரிசல்மண். அது பருத்திக்கு உகந்தது. குறிப்பு அவ்வளவே. பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "அந்த எரிமலை எங்கே இருக்கிறது, சேர்?" என்று கேட்டான். சுவரிலே தொங்கிய படத்தைப் பார்த்தோம். அங்கே எரிமலை எதுவும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. "பரீட்சைக்கு அது வராது, இரு" என்றோம். வகுப்புச் சிரித்தது. அவன் இருந்துவிட்டான். அவ்வாண்டு முழுவதும் அவன் எம்மிடம் வேறொரு கேள்வியுங் கேட்டிலன்.

அவன் கேட்டது நல்ல கேள்வி. நல்ல கேள்வியொன்றை யாம் அடக்கியது அறியாமையால் மட்டுமன்று. முடிவை மாத்திரம் எழுதி, அம்முடிவுக்கு வந்த வழியை விட்டுவிடும் குறிப்புக் கொப்பியின் பழக்கத்தினாலுமாம். இப்பழக்கம் நம் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு சிறிதன்று என்பதே இக்கட்டுரையிற் கூறவந்த கருத்து. அதனை அந்தத் தக்கணத்துக் கல்லைக்கொண்டே நிறுவ முயல்வோம். அன்றைய நாணத்தின் பின்னர் பல நூல்களைத் தேடிப் படித்து அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

மராட்டிய மாநிலத்தின் பெரும்பகுதியையும் அதனை அடுத்துள்ள மாநிலங்களின் சில பகுதிகளையும் கரிய கற்படை ஒன்று மூடியுள்ளது. அதன் இன்றைய பரப்பு ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீற்றர். நம் இலங்கையைப்போல் ஏழு மடங்கிலும் மிகுதி. மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கத்தில் அதன் தடிப்பு 2 கிலோமீற்றரையுங் கடக்கின்றது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடையாய்ப் படிந்த குழம்புப் படைகள் அரிப்புண்டு படிக்கட்டுகள் போலத் தோன்றுவதால், சுவீடிய மொழியிற் படியைக் குறிக்குஞ் சொல்லிலிருந்து பிறந்த 'திராப்பு' என்னும் பெயரை இதற்கு அறிஞர் இட்டனர். இக்கல்லின் பெயர் பசாற்று. இவ்வாறு நாடளாவப் பரந்த பசாற்றை வெள்ளப் பசாற்று என்பர். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பெரும்பகுதி பத்து இலட்சம் ஆண்டுகளுக்குட்பட்ட காலத்திலே, இவை வெளிப்போந்தன.

இத்தனை குழம்பையும் கக்கிய மலை எங்கே என்பதுதானே கேள்வி? கூம்புபோல் உயர்ந்த தனி மலை ஒன்று அங்கு இருக்கவேண்டியதில்லை என்பதே விடை. புவியோட்டில் நெடுந்தூரம் நீண்ட வெடிப்புகளின் வழியே குழம்பு பொங்கி வழிந்தது. வழிந்த குழம்பு பள்ளங்களை நிரப்பிச் சமமாகப் பரந்தது. அது குவியாது பரந்ததன் காரணத்தை அறியக் கல்லின் உட்கூறுகளை ஆராய்தல் வேண்டும்.

பசாற்றை நிறுத்துப் பகுத்தால், நூற்றுக்கு ஏறத்தாழ 50 பங்கு சிலிக்கா. அலுமினா 13 அல்லது 14 பங்கு. இரும்பு ஒட்சைட்டுகள் 12 முதல் 14 வரை. சுண்ணாம்பு 10 அல்லது 11. மகனீசியா 5 முதல் 7 வரை. தைத்தேனியா 2 அல்லது 3. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை சோடியம், பொற்றாசியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகள். கருங்கல் என்று நாம் பொதுவாக வழங்குங் கற்களுள் ஒன்றாகிய கிரனைற்றிலே சிலிக்கா நூற்றுக்கு 70 பங்களவில் உண்டு. சிலிக்கனும் ஒட்சிசனும் உருகிய நிலையிலும் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகவும் வலையாகவும் நிற்குமியல்பின. சிலிக்கா மிகுந்தால் வலை இறுகும், குழம்பு பாகுபோலத் தடிக்கும், வாயிலேயே குவியும். சிலிக்கா குறைந்து இரும்பும் மகனீசியமும் கல்சியமும் மிகுந்தால் வலை அறும். குழம்பு இளகி ஓடும். பசாற்றுக் குழம்பு இத்தகையது. ஆகவே, மலை இல்லாமைக்குரிய காரணங்களுள் ஒன்று கல்லின் இரசாயனத்திலேயே இருக்கின்றது. இதனை அன்று அறிந்திருந்தோமாயின், அம்மாணவனுக்கு ஐந்து நிமிடத்தில் விடை கூறியிருப்போம்.

நிற்க. இக்கூறுகள் கல்லினுள்ளே தனித்தனி ஒட்சைட்டுகளாகக் கிடப்பதில்லை, கனியங்களாகக் கூடியிருக்கின்றன. வெண்சாம்பல் நிறமான பிளேசியோகிளேசு என்னும் பெல்சுபார் வகை ஒன்று. அதிலே கல்சியமும் சோடியமும் அலுமினியமும் அடங்கும். ஓகைற்று முதலிய பைரொட்சீன்கள் மற்றொன்று; இரும்பும் மகனீசியமும் இவற்றின் பாற்படும். இரும்புத் தைத்தேனிய ஒட்சைட்டுகள் மூன்றாவது. மக்னற்றைற்றும், நம் புல்மோட்டைக் கரைமணலிலே மிகுந்துள்ள இல்மனைற்றும் இவ்வகையின. ஒலிவின் என்னும் பச்சைக் கனியம் சில படைகளிற் சிறிதளவு காணப்படும். குழம்பு விரைந்து குளிர்ந்தமையால் மணிகள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாச் சிறுமையின. ஆயினும் கீழ்ப்படைகள் சிலவற்றிலே பல சென்ரிமீற்றர் நீளமான பெல்சுபார்ப் பளிங்குகள் விரவிக் கிடக்கின்றன. வெளிப்படுமுன் நிலத்தடியிலே நெடுங்காலந் தங்கி வளர்ந்தவை அவை என்பதற்கு அவற்றின் பருமனே சான்று.

மக்னற்றைற்றின் கதை இன்னும் வியப்புடையது. குழம்பு ஆறும்போது அச்சிறு மணிகள் அக்காலத்துப் புவிக்காந்தத்தின் திசையைத் தம்முட் பதித்துக்கொண்டன. அப்பதிவை அளந்தோர், அக்குழம்பு வழிந்த காலத்தில் தக்கணம் மத்தியகோட்டுக்குத் தெற்கே கிடந்தது என்று கண்டனர். கண்டம் நகர்ந்த கதையை அக்கல்லே தன்னுட் கொண்டுள்ளது.

இனி, இக்குழம்பு எங்கிருந்து வந்தது? "பூமியின் உள்ளே நெருப்புக்கடல் உண்டு, ஓடு பிளந்தால் அது பொங்கும்" என்று நாமெல்லாம் இளமையிற் கேட்டிருக்கின்றோம், பிள்ளைகளுக்குச் சொல்லியுமிருக்கின்றோம். இது பிழை. ஓட்டின் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை உள்ள மென்மூடி திண்மமான பாறையே. அதன் மேற்பகுதி ஒலிவினும் பைரொட்சீன்களும் மிகுந்த பெரிடொற்றைற்று என்னும் பாறையால் ஆனது. அங்கே வெப்பம் 1,300 பாகை செல்சியசையுங் கடக்கும். ஆயினும் மேலிருந்து அழுத்தும் பாரம் அதனை உருகவிடாது. அப்பாறை திண்ம நிலையிலேயே மிக மெதுவாக மேலெழுமாயின் பாரங் குறையும். பாரங் குறையவே அதன் ஒரு பகுதி உருகத் தொடங்கும். புதிதாகத் தீ மூட்டவேண்டியதில்லை. பாரத்தைத் தளர்த்தினாற் போதும்.

ஒரு பகுதி உருகும் என்பதைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். எள்ளுருண்டையை மெல்லச் சூடாக்கினால், பாகு இளகி வழியும்; எள் எஞ்சும். வழிந்தது உருண்டை முழுவதுமன்று. அதன் இளகுங் கூறு மாத்திரமே. மென்மூடிப் பாறையும் அவ்வாறே. நூற்றுக்கு ஏறத்தாழ 38 பங்கு மகனீசியாவையுடைய அப்பாறையிலிருந்து எளிதில் உருகும் கூறுகள் முதலிற் பிரிகின்றன. மகனீசியம் மிக்க ஒலிவின் பெரும்பாலும் எஞ்சிவிடுகின்றது. பெரிடொற்றைற்றிலிருந்து பசாற்று பிறப்பது இங்ஙனமே.

எனினும் ஒரு கணக்கு உதைக்கின்றது. மென்மூடியிலிருந்து நேரே வந்த குழம்பாயின் அதில் மகனீசியா நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருத்தல்வேண்டும். தக்கணத்துக் கல்லிலோ பெரும்பாலும் 5 முதல் 7 பங்கே உண்டு. எஞ்சியது எங்கே போயிற்று? உப்பளத்தைக் கண்டோர்க்கு இதன் விடை எளிது. கடல்நீர் வற்றும்போது கல்சியஞ் சார்ந்த உப்பு முன்னர்ப் படியும். பின்னர்க் கறியுப்புப் படியும். மகனீசிய உப்புகள் மிகுந்த கசப்புநீர் இறுதியில் நிற்கும். ஒவ்வொன்றும் படியப்படிய எஞ்சிய நீரின் இயல்பு மாறும். பாறைக்குழம்பும் மேலே வரும் வழியில் நிலத்தடி அறைகளிலே தங்கி ஆறியது. ஒலிவின் முதலிற் பளிங்காகிப் பிரிந்தது. மகனீசியம் அதனோடு போயிற்று. குழம்பிலிருந்து கனியங்கள் இவ்வாறு ஒழுங்குமுறையிற் பிரியும் என்பதை நோர்மன் போவென் என்னும் அறிஞர் ஆய்வுகூடத்திற் கல்லை உருக்கிப் பார்த்து நிறுவி, 1928ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

வழியில் தங்கிய குழம்பு ஒன்றை இழந்ததோடு நில்லாது பிறிதொன்றைப் பெற்றுங்கொண்டது. ஸ்ரோன்சியம் என்னும் மூலகத்தின் அணுக்கள் நிறையால் வேறுபட்ட பல வகையின. அவற்றைச் சமதானிகள் என்பர். ருபீடியம் 87 என்பது பல்லாயிரங்கோடி ஆண்டுகளிற் சிதைந்து ஸ்ரோன்சியம் 87 ஆக மாறும். பழைய கண்டவோட்டிலே ருபீடியம் மிகுதி. ஆதலால், மாறாத ஸ்ரோன்சியம் 86 உடன் ஒப்பிட, ஸ்ரோன்சியம் 87 இன் விகிதம் அங்கே உயர்ந்து நிற்கும். மென்மூடியில் அது தாழ்ந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அம்பேநளி எனப் பெயரிட்ட படைத்தொகுதியில் இவ்விகிதம் 0.704 அளவில் நிற்கின்றது. அஃது ஓட்டின் கலப்பு மிகக் குறைந்த குழம்பு. அதற்குக் கீழேயுள்ள புசே என்னும் தொகுதியிலோ 0.71ஐயுங் கடக்கின்றது, அது பழைய ஓட்டுப்பாறையை உருக்கித் தன்னுட் கலந்துகொண்ட குழம்பு. இரண்டும் கண்ணுக்கு ஒரே கரிய கல். ஆய்வுகூடத்திலோ இரண்டின் வரலாறும் வெவ்வேறு.

இந்நுண்ணிய அளவுகளால் ஆவது யாது என வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். ஆந்திரத்திலே கோதாவரி கடலையணையும் இராசமகேந்திரியின் அருகில், பெருங்கற்படையிலிருந்து தனித்து, பசாற்றுத் திட்டுகள் சில உள. அவை அவ்விடத்திலேயே பொங்கினவோ, வேறிடத்திலிருந்து வந்தனவோ என்னும் ஐயம் நெடுநாள் இருந்தது. அவற்றின் இரசாயனக் கூறுகளும் சமதானி விகிதங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அம்பேநளி, மகாபலேசுவரத் தொகுதிகளோடு ஒத்து நின்றன. பண்டைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் ஓடிவந்த குழம்பு அது என்பதே இன்று பலர் கொள்ளும் முடிவு. ஏட்டுச்சுவடிகளின் பாடங்களை ஒப்பிட்டு எது எதிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது என்று துணியும் பதிப்பாசிரியரின் தொழிலுக்கும் இதற்கும் வேறுபாடு மிகவில்லை. தமிழாசிரியர்க்கு இத்துறை அந்நியம் என்று கருதியிருந்த எம் எண்ணம் இதனைப் படித்தபோதே மாறிற்று.

இனி, மென்மூடி அவ்விடத்தில் மேலெழுந்தது ஏன்? ஆழத்திலிருந்து சூடான பாறை தூண்போல எழுந்தது என்னுங் கொள்கையை 1971இல் சேசன் மோர்கன் என்பார் விரித்துரைத்தார். தக்கணத்துக்குத் தெற்கே இலட்சத்தீவு, மாலைதீவு, சாகோசு என நீளும் கடலடி மேட்டின் எரிமலைப் பாறைகள் தெற்கே செல்லச்செல்ல வயதிற் குறைகின்றன. அவ்வரிசை மொரிசியசையும் ரியூனியன் தீவையும் நோக்கிச் செல்கின்றது. ரியூனியனிலே எரிமலை இன்றும் அடிக்கடி குமுறுகின்றது. நகர்ந்த நிலத்தை ஒரே சூட்டிடம் அடுத்தடுத்துத் துளைத்தது என்பர். கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலேறிய தமிழர்தம் வழித்தோன்றல்கள் வாழும் அவ்விரு தீவுகளின் மண்ணும் இவ்வாற்றால் தக்கணத்துக்கு உறவாகின்றது. எனினும், ஆழத்துத் தூண் இன்றியமையாததன்று, கண்டவோடு இழுபட்டு மெலிந்ததே போதிய காரணம் என்று வாதிடுவோரும் உளர். சீசெல்சுத் தீவுகள் இந்தியாவிலிருந்து பிரிந்ததும் ஏறத்தாழ அதே காலப்பகுதியிலேயே என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவர்.

இவ்வெள்ளங்களால் உயிர்கட்கு நேர்ந்தது யாது என்பதிலும் வாதம் ஓய்ந்திலது. ஐசுலாந்திலே 1783இல் லாக்கி வெடிப்பு எட்டு மாதங்கள் பொங்கி ஏறத்தாழ 15 கன கிலோமீற்றர் பசாற்றை ஊற்றியது. அதனோடு வெளிவந்த கந்தகவீரொட்சைட்டு ஏறத்தாழ 12 கோடி தொன். புல் நஞ்சாயிற்று, கால்நடை மடிந்தது, பஞ்சம் வந்தது, அத்தீவின் மக்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் மாண்டனர். தக்கணத்திலோ தனியொரு பெருக்கே 1,000 கன கிலோமீற்றரைக் கடந்திருக்கும் எனக் கணிக்கின்றனர். தைனோசர்கள் அழிந்ததும் இக்காலத்திலேயே. ஆயின், மெக்சிக்கோவின் சிக்சுலுப்பில் விண்கல் வீழ்ந்ததும் அதே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே. 2019இல் தக்கணப் படைகளின் வயதை நுணுகி அளந்த இரு குழுவினர், பெரும்பெருக்கு அழிவுக்கு முன்னரோ பின்னரோ என்பதில் வேறுபட்ட முடிவுகளைக் கூறினர். இன்று பலர் விண்கல்லையே முதற்காரணமாகக் கொள்வர். எரிமலையின் பங்கு எவ்வளவு என்பதே வழக்கு. இவ்வழக்கு முடியவில்லை என்பதையும் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும் என்பது எம் துணிபு. முடிந்த செய்திகளை மட்டுமே கற்ற பிள்ளை, தான் செய்வதற்கு உலகில் ஒன்றும் எஞ்சவில்லை என்று எண்ணிவிடும்.

எம் நண்பர்கள் இருவகை மறுப்புக் கூறுவர். இவையெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை என்பது ஒன்று. பாடத்திட்டம் எல்லைக்கல், அதற்கப்பால் நிலம் இல்லை என்பது அதன் பொருளன்று. அன்றியும், காரணமறிந்து கற்றவன் அம்மூன்று வசனங்களையும் மறவான்; மனனஞ் செய்தவனே பரீட்சை முடிந்த மறுநாள் மறப்பான். தமிழிலே இவற்றைச் சொல்ல இயலாது என்பது மற்றொன்று. 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் நம்மிடம் உள. சொல்லுக்குக் குறைவில்லை, அச்சொற்களைக் கோத்து, இதனால் இது, ஆகவே இது என்று விளங்க உரைக்கும் உரைநடைக்கே குறைவு. அக்குறையைத் தீர்த்தல் விஞ்ஞான ஆசிரியரின் கடன் மட்டுமன்று; வாக்கியம் அமைக்கக் கற்பிக்கும் எம்போன்றோர்க்கும் அதிற் பங்குண்டு. பங்கை மறந்து, "அது எம் பாடமன்று" என ஒதுங்கியமைக்கு யாமே முதற்குற்றவாளி.

எல்லோராவின் கைலாசநாதர் கோயிலை நாம் அறிவோம். 8ஆம் நூற்றாண்டிலே இராட்டிரகூட மன்னன் முதலாங் கிருட்டிணன் காலத்தில், இதே பசாற்றுக் குன்றை மேலிருந்து கீழாகக் குடைந்து ஆக்கிய கற்றளி அது. சிற்பியைப் போற்றுகின்றோம், மன்னனைப் போற்றுகின்றோம். உளிபட்ட கல் எங்கிருந்து வந்தது என்று வினவியவர் நம்முள் எத்துணையர்? வினவுவது பத்திக்கு இழுக்காகாது. கல்லின் வரலாறு அறிந்தவன் அக்கோயிலை இருமடங்கு வியப்போடு தொழுவான்.

ஆகவே, பழைய மாணவர் சங்கத்தார்க்குச் சிறிய விண்ணப்பமொன்று. கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையிலே கற்பேழை ஒன்று அமையுங்கள். தக்கணத்துப் பசாற்று ஒரு துண்டு, கிரனைற்று ஒரு துண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல் ஒரு துண்டு, இல்மனைற்று மணல் ஒரு போத்தல், இவை போதும். பெருஞ்செலவு ஆகாது. ஒவ்வொன்றின் அருகிலும் பெயரை மட்டும் எழுதாது, அது எவ்வாறு உண்டாயிற்று, அதனை எவ்வாறு அறிந்தனர் என்பதை ஒரு பக்கத்தில் நல்ல தமிழில் எழுதி வைத்தல்வேண்டும். எழுதுந் தொண்டை யாம் ஏற்கின்றோம்; பிழையைத் திருத்தும் தொண்டை விஞ்ஞானம் பயின்ற பழைய மாணவர் ஏற்பாராக.

அன்று பின்வாங்கிலிருந்த தம்பிக்கு: எரிமலை எங்கே என்று கேட்டாய். அங்கே மலை இல்லை, தம்பி. நிலமே பிளந்து வாயாயிற்று. குழம்பு இளகியதாதலால் குவியாது பரந்தது. காலந்தாழ்த்திச் சொல்கின்றோம்; பொறுத்துக்கொள். இம்மலர் உன் கைக்கு எட்டுமாயின், அடுத்த கேள்வியை எமக்கு எழுதி அனுப்பு.